சீனித் தராசு

நியூசிலாந்தின் ரானுயியில் ஆனந்தராசாவின் கராஜுக்குள் கார் நுழைந்து பல வருடமாகிறது. அங்கே வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். மூன்று கால் முளைத்து நாலாவது காலுக்காகக் காத்திருக்கும் செருப்புத் தட்டு, ஒரு பக்கம் மட்டும் நீலம் பூசிய சைக்கிள், கழற்றிவிட்ட பிறகு எந்த ஆணி எங்கே போகும் என்று தெரியாமல் அப்படியே விடப்பட்ட சலவை இயந்திரம். எல்லாம் ஆனந்தராசா தொடங்கிய வேலைகள். தொடங்குவதில் அவரை வெல்ல ஆக்லாந்தில் ஆளில்லை. முடிப்பதற்குத்தான் இனி ஒருவர் பிறந்து வரவேண்டும்.

இதே மனிதர் விரி என்ற இடத்தில் ஒரு பெரிய பண்டகசாலையில் பாரம் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்றால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். பயப்படத் தேவையில்லை. அந்த இயந்திரத்தில் ஏறி இருந்தால் அவர் ஒரு முட்டைப் பெட்டியைக்கூட உடைத்ததில்லை. அது கீச்சிடும், திரும்பும், ஏறும், இறங்கும், நிமிடத்துக்கு நிமிடம் புதிதாக ஏதாவது வரும். அவருடைய தலைக்கு அது போதும். ஒரே கதிரையில் இருந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால்தான் ஆள் மூன்றாவது வரியில் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார். அந்தத் தேத்தண்ணியையும் குடிக்க மாட்டார். அது மறுநாள் கராஜுக்குள் கண்டெடுக்கப்படும்.

ஆள் நல்ல பெரிய ஆள். வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதற்கும் ஒரு கதை உண்டு. சாவி வளையத்தோடு தொலைந்த கார்த் திறப்பைத் தேடிக்கொண்டு வருவார், தேடும் வழியில் பிரிட்ஜைத் திறப்பார். திறந்ததும் எதைத் தேடினோம் என்பது மறந்துவிடும். ஆனால் பிரிட்ஜ் திறந்து நிற்கிறதே. சும்மா மூடினால் அதற்கு மரியாதையில்லை. நேற்றைய வடை இரண்டு, பாண் துண்டொன்று, பிள்ளைக்கு வைத்த யோகட். பிரிட்ஜ் தன்னை மூடச் சொல்லிக் கீச்சிடும் வரை அந்த மரியாதை நடக்கும். திறப்பு பெரும்பாலும் பிரிட்ஜுக்குள்ளேயே இருக்கும், போன முறை வைத்த இடத்தில்.

ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவருக்கு லொறி என்று பெயர். சுகாதாரப் பரிசோதனை நாளில் பிள்ளைகளை வரிசையில் நிற்பாட்டி நிறை பார்த்தார்கள். பார்த்த வாத்தியார் மற்றவர்களுடைய நிறையைச் சாதாரணமாகச் சொன்னார். ஆனந்தராசாவுடையதை மட்டும் திரும்பப் பார்த்துவிட்டு, வகுப்புக்கே கேட்கச் சொன்னார். பின்வரிசை வாங்கிலிருந்து யாரோ லொறி என்றான். பாரமும் உண்டு, ஓரிடத்தில் நில்லாமலும் ஓடும், பேர் பொருந்திவிட்டது. ஆனந்தராசாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இன்றுவரைக்கும் அவருக்குச் செமிக்கவில்லை.

அவருடைய மகன் ஆரணனுக்குப் பத்து வயது. தகப்பனைப் பாதியாகச் சுருக்கி, பற்றரியை மட்டும் இரட்டிப்பாகப் போட்டால் ஆரணன். பள்ளிக்கூடத்தில் பாயில் இருக்கச் சொன்னால் பாயைச் சுருட்டிக்கொண்டு போவான். மதியப் பெட்டி போன மாதிரியே திரும்பி வரும், சான்ட்விச்சில் ஒரு பல் அடையாளம்கூட இருக்காது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், "ஐ ஃபொர்கொட்," என்பான். வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்துவிடும். பாணில் பாதி போகும், பிஸ்கட் பெட்டி போகும், பிரிட்ஜ் கீச்சிடும். கராஜுக்குள்ளிருந்து தகப்பனும் வந்து சேர்ந்துகொள்வார்.

இரவுச் சாப்பாடு தாய் நிசாந்தினியின் பொறுப்பு. அவர் ஹென்டர்சனில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறார். வாயைத் திறக்க மாட்டேன் என்பவர்களைத் திறக்க வைப்பது அவருடைய தொழில். ஆரணனை மேசையில் இருத்த முடியாது என்று கண்டதும் அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டார். அங்கே அவன் ட்ரம்போலினில் துள்ளுவான். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் ஒரு கவளம். மேலே போகும்போது மெல்லுவான், வரும்போது விழுங்குவான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் இதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் கை தட்டினார். எத்தனை கவளம் போனதென்று துள்ளினவனுக்கும் தெரியாது, எறிந்தவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடம் சொல்லித்தான் அவர்கள் டொக்டர் ரஷ்மியிடம் போனார்கள். ரஷ்மி சென்னைக்காரி, பிள்ளைகளுக்கான வைத்தியர். அறையில் இரண்டு சுழல் கதிரைகள் இருந்தன. ஒன்றில் ஆரணன் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வீட்ல ஒரு இடத்துல உக்காந்து சாப்பிடுவானா?" என்று கேட்டார் ரஷ்மி.

"இல்லை டொக்டர். நடந்துகொண்டுதான்," என்றார் நிசாந்தினி.

"ஒண்ணு சொன்னா மறந்துடறதுண்டா?"

"ஓம். பால் வாங்கச் சொல்லி டெயரிக் கடைக்கு அனுப்பினா ஐஸ் புளொக்கோட வருவார். பால் எங்கயெண்டு கேட்டா, எந்தப் பால் எண்டு கேப்பார்."

ரஷ்மி நிமிர்ந்தார். "வருவாரா? நான் பையனைப் பத்திக் கேக்கறேன்."

"மகனோ? மகனும் அப்பிடித்தான்."

ரஷ்மி மெதுவாக மற்றச் சுழல் கதிரையைப் பார்த்தார். அதில் ஆனந்தராசா ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மகனுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பரிசோதனைகள் முடிந்து, பள்ளிக்கூடத்தின் அறிக்கையும் வந்து, அடுத்த சந்திப்பில் ரஷ்மி அது ஏ.டி.எச்.டி., கவனம் ஓரிடத்தில் நிலைக்காத குறைபாடு, என்று சொன்னார். சொல்லிவிட்டு நிறைக்கு வந்தார். "இந்தப் பிள்ளைங்களுக்கு எடை கூடுறதை மத்தவங்களை விடக் கொஞ்சம் அதிகமாவே பாக்கறோம். எல்லாருக்கும் வராது. ஆனா ரெண்டும் சேர்ந்து வர்றதுண்டு."

நிசாந்தினிக்கு இது பிடிபடவில்லை. "ஒரு நிமிஷம் இருக்கிறானில்லையே டொக்டர். நாள் முழுக்க ஓட்டம். ஓடுற பிள்ளைக்கு என்னெண்டு நிறை கூடும்?"

"பசிக்குதுன்னு கவனிக்கறதுக்குக் கவனம் வேணும்லங்க. வயிறு நெறஞ்சிடுச்சுன்னு கவனிக்கறதுக்கும் அதே கவனம்தான் வேணும். மத்தியானம் விளையாட்டுல சாப்பாடு மறந்துடுது. சாயங்காலம் அகோரப் பசி. கையில கிடைச்சது வாய்க்குப் போகுது, போதும்னு சொல்ற பிரேக் லேட்டாப் பிடிக்குது. தூக்கமும் சரியில்ல. இது சோம்பேறித்தனம் இல்ல, உங்க வளர்ப்பும் காரணமில்ல. அதனால திட்டாதீங்க, கேலியும் பண்ணாதீங்க."

இரண்டாவது கதிரை நின்றுவிட்டது. தன் வீட்டுப் பிரிட்ஜுக்குள் யாரோ கமரா பூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதுபோல ஆனந்தராசா இருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், இது பெரிய ஆக்களுக்கும் இருக்குமோ? வேலையில ஒரு பெடியன் இருக்கிறான், அவனுக்காகக் கேக்கிறன்."

"இருக்கலாம். அந்தப் பையனை அவரோட குடும்ப டாக்டர், ஜிபி கிட்டப் போய்ப் பேசச் சொல்லுங்க," என்றார் ரஷ்மி. "சேர்ல சுத்தறதை நிறுத்திட்டுப் போகச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ட்ரம்போலினில் சோறு நின்றது. மருந்தை ரஷ்மி குறைந்த அளவில் தொடங்கினார். சாப்பாட்டுக்கு நேரம் குறிக்கப்பட்டது. மதியம் மணி அடித்ததும் சாப்பிட வேண்டுமென்று ஆரணனுடைய கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்தார்கள். தனியாகச் செய்யமாட்டேன் என்றான் அவன். அதனால் அதே நேரத்துக்கு ஆனந்தராசாவின் போனிலும் வைத்தார்கள். ரானுயிப் பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி திறக்க, விரியில் போர்க்லிஃப்ட் நின்று இன்னொரு பெட்டி திறந்தது. இரண்டுக்கும் வாத்துச் சத்தம். ஆரணன் தெரிவு செய்தது. பண்டகசாலையில் இப்போது ஆனந்தராசாவுக்கு வாத்து என்று பெயர். லொறியைவிட இது பரவாயில்லை என்று அவர் நினைத்தார்.

எல்லாம் இப்படி ஒரு கரைக்கு வரும்போதுதான் நிசாந்தினிக்கு நேர்த்திக்கடன் ஞாபகம் வந்தது.

ஆரணன் மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். எட்டிப் பார்த்த ஆனந்தராசா, "ஒரு சீனிப் பொதி அளவுதான் இருக்கிறான்," என்று சொல்லி அழுதார். அந்த இடத்திலேயே நிசாந்தினி நேர்ந்தார். பிள்ளை தப்பினால் பிள்ளையாருக்குத் துலாபாரம். தராசின் ஒரு தட்டில் பிள்ளையை வைத்து, மறு தட்டில் அவனுடைய நிறைக்குச் சீனி வைத்துக் கொடுப்பது. எப்போது என்று மட்டும் சொல்லவில்லை. முதல் வருடம் பிள்ளைக்குச் சளி. அடுத்த வருடம் வீடு மாறினார்கள். பிறகு ஊரடங்கு. பிறகு அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். பிள்ளையார் ஒன்றும் கேட்கவில்லை, சீனி மட்டும் வருடா வருடம் வளர்ந்துகொண்டு போனது.

"டொக்டர் சீனியைக் குறைக்கச் சொல்லுறா, நீர் மூட்டைக்கணக்கில வாங்கப் போறீர்," என்றார் ஆனந்தராசா.

"அது எங்களுக்கில்லை, சாமிக்கு."

"சாமின்ர தொந்தி வண்டியையும் ஒருக்கால் பாரும்."

நிசாந்தினி சிரிக்கவில்லை. நேர்த்தி நேர்த்திதான்.

அவர்கள் போகும் கோயில் மண்டபத்தில் அதுவரை யாரும் துலாபாரம் கொடுத்ததில்லை, தராசும் இல்லை. நிர்வாகத்தில் இருக்கும் சதாசிவம் மதுரைக்காரர், ஓய்வுபெற்ற பொறியாளர். அவருக்கு மைக் என்றால் உயிர். பிறந்தநாள், திருமணநாள், வாகனம் வழியை மறிப்பது எல்லாவற்றையும் ஒரே பக்தியோடு அறிவிப்பார். "நம்ம கோயில்ல முதல் துலாபாரம் சார்," என்றார் கார் யன்னலில் குனிந்து ஆனந்தராசாவிடம். "ஒவ்வொரு பொதியா வைக்கறப்ப நான் மைக்ல எண்ணுறேன். கூட்டமும் சேர்ந்து எண்ணும். கடைசில மொத்தம் எத்தனை கிலோன்னு சொல்லிடுவோம். வெளிப்படையா இருக்கணும் பாருங்க."

"எண்ணாமல் செய்ய ஏலாதோ?"

"எண்ணாம என்ன சார் துலாபாரம்?"

பின்சீற்றில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆரணன் வீடு வரும் வரை ஒன்றும் சொல்லவில்லை. அதுவே ஒரு சாதனை. கராஜ் வாசலில் இறங்கியதும் சொன்னான்.

"அப்பா, ஐ'ம் நாட் டூயிங் இற். எல்லாரும் கவுண்ட் பண்ணுவினம். ஸ்கூல் பிள்ளைகளும் வருவினம்."

ஆனந்தராசா அவனைப் பார்த்தார். பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வருவதற்கு முன் இருக்கும் அந்த ஒரு நொடியை அவருக்குத் தெரியும்.

"நான் பாத்துக்கொள்ளுறன். உன்ர நிறை ஒருத்தருக்கும் தெரிய வராது. பிராமிஸ்."

ஆரணன் கராஜுக்குள் இருந்த மூன்று கால் செருப்புத் தட்டைப் பார்த்தான். ஒரு பக்கம் நீலமான சைக்கிளைப் பார்த்தான். பிறகு தகப்பனைப் பார்த்தான்.

"யூ'ல் ஃபொர்கெட்," என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தராசைச் செய்யும் வேலையை ஆனந்தராசா தானாகக் கேட்டு வாங்கினார். நிசாந்தினி தலையில் கை வைத்தார். ஆனால் மனிதர் இந்த முறை இரும்புக் குழாயும் சங்கிலியும் பலகையுமாக இறங்கினவர், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து கராஜுக்குள்ளேயே கிடந்தார். பண்டகசாலைக் கணக்கில் செய்தபடியால் தராசு ஒரு பிள்ளையை அல்ல, ஒரு மாட்டை நிறுக்கக்கூடியதாக வந்தது. ஒரு தட்டில் தான் ஏறி இருந்து, மறு தட்டில் சலவை இயந்திரத்தை வைத்துச் சோதித்தார். தாங்கியது.

அவருடைய திட்டம் வேறிடத்தில் இருந்தது. வாங்கிய சீனியையெல்லாம் பொதியிலிருந்து கொட்டி, பெரிதும் சிறிதுமாகத் துணிப்பைகளில் கட்டினார். ஒன்றில் கொஞ்சம், ஒன்றில் நிறைய. மைக்கில் எண்ணட்டும், எண்ணி என்ன காண்பது. மனிதர் தன் கெட்டித்தனத்தில் தானே மயங்கி, இரண்டு தரம் நிசாந்தினியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. தராசைக் கழற்றி ட்ரெய்லரில் ஏற்றினார்கள். மண்டபத்தில் கொண்டுபோய்த் திரும்பப் பொருத்திப் பூட்டினார்கள், ஒரு ஆணிகூட மிஞ்சவில்லை. நிசாந்தினி பட்டுச்சேலையில் நின்றார். ஐயர் மந்திரம் சொன்னார். ஆரணன் வேட்டி கட்டித் தட்டில் ஏறி இருந்தான். சதாசிவம் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"சீனியைக் கொண்டாங்கோ," என்றார் நிசாந்தினி.

ஆனந்தராசா ட்ரெய்லருக்குப் போனார். கயிறு இருந்தது, ஸ்பானர் இருந்தது, துணிப்பை ஒன்றுகூட இல்லை. அவை கராஜுக்குள், நனையக்கூடாதென்று மிகக் கவனமாகப் பொலித்தீனால் மூடப்பட்டு, அப்படியே இருந்தன.

அவர் மழைக்குள் நின்றார். மகன் அன்றைக்குக் கராஜ் வாசலில் சொன்னது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து திரும்பக் கேட்பதுபோல இருந்தது. திரும்பி உள்ளே வந்தபோது, கோயில் சமையலறையைப் பார்க்கும் யோகராணி அன்ரி ஏற்கெனவே காரியத்தில் இறங்கியிருந்தார்.

"இதுக்கேன் யோசிக்கிறீர் தம்பி? கோயில் சீனி கிடக்குது. உம்மடை சீனியை நாளைக்குக் கொண்டுவந்து வையும்," என்று சொல்லி, கடைப் பொதிகளை வரிசையாக அடுக்கினார். எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் நிறை கொட்டை எழுத்தில்.

"ஒண்ணு," என்றார் சதாசிவம் மைக்கில்.

"ஒண்டு," என்றது யாழ்ப்பாணப் பக்கம்.

ஆரணன் தகப்பனைத் தேடினான். கண்டான். கையில் ஒன்றும் இல்லாததையும் கண்டான். பிறகு அவன் தட்டிலிருந்த ஆணியொன்றைப் பார்க்கத் தொடங்கினான்.

ஐந்து, ஆறு, ஏழு. ஆரணனுக்கு இருக்க முடியவில்லை. காலை ஆட்டினான், சங்கிலியைத் திருகினான், முன்னுக்குச் சரிந்தான். தட்டு ஊஞ்சலாகிவிட்டது. தராசுக் குழாய் மேலும் கீழுமாக ஆட, ஐயர் ஒதுங்கி நின்றார். பொதி ஏறிக்கொண்டேயிருந்தது, தட்டு நிலைக்கவேயில்லை.

"தம்பி, ஆடாம இருக்கணும்," என்றார் சதாசிவம், அதையும் மைக்கிலேயே. "பதினாறு. இன்னும் வேணும் போலருக்கு."

முன்வரிசையில் இரண்டு பெடியன்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்தார்கள். அதில் ஒருவன் வாயைத் திறந்தான்.

அவன் என்ன சொல்ல வந்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த நொடியில் ஆனந்தராசா யோசிக்காமல் ஒரு வேலை செய்தார். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டார். நேராகப் போனார், மகனைத் தூக்கினார், தான் தட்டில் குந்தினார், மகனை மடியில் வைத்தார்.

தட்டு தொப்பென்று நிலத்தில் இறங்கியது. மறு தட்டு பதினாறு பொதி சீனியோடு சதாசிவத்தின் நெஞ்சுக்கு உயர்ந்தது.

மண்டபம் வெடித்துச் சிரித்தது.

"என்னப்பா செய்யிறீங்கள்?" என்றார் நிசாந்தினி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்பனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் நேர்த்தி. நான் சொல்ல மறந்துபோனன்." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார். "அன்ரி, சீனி காணாது. வேற என்ன கிடக்குது?"

யோகராணி அன்ரிக்கு இப்படியொரு நாளுக்காகத்தான் வாழ்க்கை முழுதும் காத்திருந்ததுபோல ஒரு வேகம் வந்தது. அரிசி மூட்டை வந்தது. பருப்பு வந்தது. தேங்காய்ச் சாக்கு வந்தது. பூசணிக்காய் இரண்டை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். சதாசிவம் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். பூசணிக்காயில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. "இதை ஒரு பொதின்னு வச்சுக்கறதா, எப்படி?" என்று மைக்கில் கேட்டார். கூட்டம் ஆளுக்கொரு பதில் சொன்னது. சிரிப்பெல்லாம் ஆனந்தராசாவின் வயிற்றைப் பார்த்துத்தான். அவர் அதற்கு வசதியாகச் சால்வையையும் கொஞ்சம் விலக்கிக் கொடுத்தார்.

மடியில் ஆரணன் அசையாமல் இருந்தான். தகப்பனுடைய இரண்டு கையும் அவனைச் சுற்றி இறுக்கியிருந்தன. அந்தப் பாரம் அவனுக்குப் பிடித்திருந்தது போல. உருளைக்கிழங்கு மூட்டை ஏறியதும் இரண்டு தட்டும் மெல்ல மெல்ல நேருக்கு வந்து, நின்றன. அப்படியே நின்றன.

"பை மறந்துபோச்சு," என்றார் ஆனந்தராசா அவன் காதுக்குள்.

"ஐ நோ," என்றான் ஆரணன். "இற்ஸ் ஓகே."

ஐயர் தீபம் காட்டினார். நிசாந்தினி கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணைத் திறக்கும்போது ஆரணன் இறங்கிவிட்டான். அவனுக்கு அவ்வளவு நேரமே அதிகம்.

பிள்ளையின் பாரம் போனதும் ஆனந்தராசா அந்தரத்துக்குப் போனார். கால் நிலத்தில் முட்டவில்லை. சங்கிலியைப் பிடித்தபடி தொங்கிக்கொண்டு, கூட்டத்துக்குக் கை காட்டினார். சதாசிவத்தின் முகம் பிரகாசித்தது. பொறியாளர் மூளை.

"இப்ப ஈஸி சார்," என்றார் மைக்கில். "அப்பா அப்படியே இருக்கட்டும். தட்டு மறுபடி சமமாகற வரைக்கும் பொதியை ஒவ்வொண்ணா இறக்குவோம். இறக்கினதை எண்ணினா பையனோட எடை தனியா வந்துடும்."

கூட்டம் ஆமோதித்தது. இப்படியொரு அழகான கணக்கை யாரால் மறுக்க முடியும். அவர் முதல் பொதியில் கை வைத்தார்.

"ஆரணா, ஏறு," என்றார் ஆனந்தராசா.

ஒரு தரம் சொன்னதை உடனே கேட்டு அவன் செய்தது அவர் அறிய அதுதான் முதல் தடவை. பாய்ந்து வந்து மடியில் விழுந்தான். தட்டு திரும்பவும் நேருக்கு வந்தது.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தான் இறங்குவம்," என்றார் அவர் சதாசிவத்துக்கும் கேட்க. பிறகு மகனிடம், "மூண்டு சொல்லேக்க. விளங்கிச்சோ? மூண்டு."

"ஓகே."

"ஒண்டு. ரெண்டு."

இரண்டிலேயே இருவரும் பாய்ந்துவிட்டார்கள்.

மறு தட்டு அப்படியே நிலத்தில் வந்து இடித்தது. தேங்காய்கள் நாலாபக்கமும் உருண்டன. பூசணிக்காய் ஒன்று ஐயரின் காலடி வரை போய் நின்றது. பதினாறு சீனிப் பொதியும் வெடித்து, மண்டபத்தின் பாதித் தரை வெள்ளையாகப் போனது. சின்னப் பிள்ளைகள் எல்லாரும் சறுக்க ஓடிவந்தார்கள். ஆரணனுக்கு முன்னால் ஓடியவர்கள் முன்வரிசைப் பெடியன்கள் இரண்டு பேரும்தான். மூவரும் சேர்ந்து சறுக்கினார்கள், சேர்ந்து விழுந்தார்கள்.

நிசாந்தினி பட்டுச்சேலையின் கொய்யகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்தார். திட்டத்தான் வாயெடுத்தார். பிறகு ஒரு தும்புத்தடியை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"சாமின்ர தரையிலதானே கொட்டினது. சாமிக்குச் சேர்ந்திட்டுது. கூட்டுங்கோ."

ஆனந்தராசா கூட்டத் தொடங்கினார். இடையில் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. திறப்பைத் தேடவில்லை. மூலை முடுக்கெல்லாம் தட்டி, தூண் இடுக்கில் கிடந்ததையும் விரலால் எடுத்தார். ஆரணன் பக்கத்தில் தூசுத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், நடுநடுவே சறுக்கிவிட்டும் வந்தான். சதாசிவம் தராசைப் பார்த்தார், வெடித்த பொதிகளைப் பார்த்தார். கணக்கு இனித் தேறாது என்று கண்டு பெருமூச்சு விட்டார். ஆனால் மைக் கையில் இருந்தது.

"பிரார்த்தனை இனிதே நிறைவேறியது," என்றார். "தரை பிசுபிசுங்குது. பார்த்து நடங்க."